கலவன் எடுக்கும் கண்கள்

மயிலாடுதுறையிலிருந்து குத்தாலம் போகும் சாலையில் இறங்கி, வாய்க்கால் கரையோடு கொஞ்ச தூரம் நடந்தால் அந்த விதைநெல் வயல். மார்கழிப் பனி இன்னும் கதிரை ஒட்டிய கண்ணாடி இலைகளில் உருண்டு நிற்கிறது. சம்பா நடவு, சி.ஆர். 1009. கதிர் முழுக்க வெளியே வந்துவிட்டது. ஐந்து பெண்கள் பட்டத்துக்கு ஒருவராக இறங்குகிறார்கள். நடவின்போது எட்டு அடிக்கு ஒரு அடி விட்டுவைத்த இடைவெளிதான் அவர்களுக்கு நடைபாதை. வெயில் முதுகில் விழும்படி மேற்கே பார்த்தே நடக்கிறார்கள். எதிர்வெயிலில் பயிரின் நிறம் பிடிபடாது.

அவர்கள் பிடுங்குவது களை அல்ல, நெல்.

விதைக்கென்று வளர்க்கும் வயலில் வேறு குணத்தோடு நிற்கும் நெல்லுக்குக் கலவன் என்று பெயர். சான்று விதை வயலில் ஆயிரத்துக்கு இரண்டுக்கு மேல் கலவன் இருக்கக் கூடாது. ஆதார விதை என்றால் பத்தாயிரத்துக்கு ஐந்துதான். விதைச்சான்று அலுவலர் வருவதற்குள் வயலைச் சுத்தம் செய்வது இந்தப் பெண்களின் பொறுப்பு.

குழுவில் மூத்தவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். நடந்துகொண்டே இருந்தவர் சட்டென்று குனிந்து ஒரு தூரை வேரோடு பிடுங்கினார். பக்கத்துத் தூருக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

“கண்ணாடி இலையப் பாருங்க தம்பி, சாஞ்சு கெடக்கு. மத்ததெல்லாம் வெடச்சுல்ல நிக்குது?”

காட்டிய பிறகு தெரிந்தது. அறுத்தால் போதாதா என்று கேட்டதற்கு, “மறுதாம்பு துளுத்துக்கும்” என்றார். இவ்வளவு நெல்லில் அது ஒன்று மட்டும் எப்படிக் கண்ணில் படுகிறது? “நம்ம ஊருக் கல்யாணத்துல வேத்தூரு ஆளு வந்தா தெரியாதா?” அந்த வேற்றூர் ஆட்களுக்கு அவர்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள்: நெட்டை, மீசை, செவலை.

கலவனில் பெரும்பாலானவை போன பருவத்தில் சிந்திய நெல்லோ, களத்தில் கலந்த நெல்லோதான். எப்போதாவது ஒன்று, அதே விதையிலிருந்து வந்தும் மரபணுவில் ஓர் எழுத்து பிசகி வேறாக நிற்கும். அதுதான் சடுதி மாற்றம். கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கோணாமணி என்ற ரகத்தில் அப்படித் தானாகத் தோன்றிய ஒரு செடியைப் பிரித்தெடுத்துப் பெருக்கியதுதான் 1921-இல் வெளிவந்த ஜி.இ.பி. 24. சன்ன அரிசிக்குப் பெயர் வாங்கிய ரகம். 1960-களில் தஞ்சைத் தரணியை நிறைத்த ஆடுதுறை 27-க்கு ஒரு பெற்றோர் அதுதான், ஐ.ஆர். 20-இலும் அதன் இரத்தம் ஓடுகிறது. அந்த ஒற்றைச் செடியைக் கலவன் என்று வரப்பில் எறிந்திருந்தால் இவற்றில் எதுவும் இல்லை.

மாறி நிற்பதைப் பார்த்துப் பிரிக்கும் இதே வேலையைப் புழுவில் செய்தவர் உயிரியலாளர் சிட்னி பிரென்னர். சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் அந்தப் புழு ஒரு மில்லிமீட்டர் நீளம், மூன்று நாளில் முட்டையிலிருந்து வளர்ந்து முட்டையிடும். கேம்பிரிட்ஜில் அவர் புழுக்களை ஈத்தைல் மீத்தேன் சல்ஃபோனேட் கரைசலில் ஊறவைத்தார். அது மரபெழுத்துகளை அங்கங்கே மாற்றிவிடும் வேதிப்பொருள். நெல்லில் செயற்கையாகச் சடுதி மாற்றம் உண்டாக்க விதையை ஊறவைப்பதும் அதே கரைசலில்தான். இன்னோர் ஒற்றுமையும் உண்டு. அந்தப் புழு இருபாலி, தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்ளும். நெல்லும் தன் மகரந்தத்தையே ஏற்கும். அதனால் தாயிடம் மறைந்திருக்கும் ஒடுங்கு குணம், பிள்ளைகளில் நாலில் ஒன்றில் தானாக வெளிப்படும்.

வெளிப்பட்டதைப் பார்த்துப் பொறுக்க வேண்டுமே! நுண்ணோக்கியில் குனிந்து, தட்டையாக்கிய பிளாட்டினக் கம்பி நுனியால் ஒவ்வொரு புழுவாக எடுத்தார்கள். ஒழுங்காக நெளியாததற்கு ஒரு பெயர், குட்டையாகத் தடித்ததற்கு ஒரு பெயர், உருண்டு உருண்டு போவதற்கு ஒரு பெயர். 1974-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் அப்படிப் பிரித்தெடுத்த மாறிய புழு வகைகள் சுமார் முந்நூறு. நெட்டை, மீசை, செவலை என்று சொல்லும் குத்தாலத்து வாய் நினைவுக்கு வருகிறது.

பிசகிய எழுத்து எது என்று தேடுவது அடுத்த கட்டம். புழுவுக்கு ஏறத்தாழ 10 கோடி எழுத்துகள், நெல்லுக்கு ஏறத்தாழ 40 கோடி. முன்பு கலப்புக்கு மேல் கலப்புச் செய்து, ஆண்டுக்கணக்கில் இடத்தை நெருக்கிப் பிடித்தார்கள். 2012-இல் ஜப்பானின் இவாத்தே ஆய்வாளர்கள் நெல்லுக்கு ஒரு குறுக்குவழி சொன்னார்கள். மாறிய செடியை அதன் தாய் ரகத்தோடு கலக்க வேண்டும். பேரப்பிள்ளைகளில் மாறிய குணம் உள்ளவற்றை மட்டும் பொறுக்கி, அவற்றின் டி.என்.ஏ.வை ஒரே குழாயில் கலந்து முழுதாகப் படிக்க வேண்டும். மற்ற மாற்றங்கள் பெரும்பாலும் பாதிக்குப் பாதி கலந்து வரும். குணத்துக்குக் காரணமான எழுத்து மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் மாறியிருக்கும்.

கருவி எவ்வளவு பெரிதானாலும் அந்தப் பேரப்பிள்ளைகளைப் பொறுக்குவது வயலில் நிற்கும் கண்தான். தவறான செடி இரண்டு உள்ளே போனாலும் கணக்கு கலங்கிவிடும். அப்படிப்பட்ட கண்ணுக்கு இந்த வயலில் களை பறிக்கும் கூலிதான் என்றார்கள் பெண்கள். மூட்டையில் கட்டும் நீல அட்டையில் ரகத்தின் பெயர் இருக்கும், இவர்கள் இருக்க மாட்டார்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

பனி உலர்ந்துவிட்டது. வரப்பில் கலவன் ஒரு கைக்கட்டு அளவு சேர்ந்திருந்தது. வேலைக்குப் புதிதாக வந்த பெண், வயலோர மரத்தடியில் தலை உயர்ந்து நின்ற ஒரு தூரைப் பிடித்தபடி கூப்பிட்டாள்.

“அத்தை, இங்க ஒரு நெட்டை.”

மூத்தவர் வந்து கதிரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். மணியை நகத்தால் கீறினார். பிறகு மேலே கிளையைப் பார்த்தார்.

“நெழல்ல நின்னு வளந்துருக்குடி. நம்ம நெல்லுதான், வுடு.”

அவள் கையை எடுத்தாள். இருவரும் அடுத்த பட்டத்தில் இறங்கினார்கள்.