பெயர்தான் புதுசு!

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். இன்ஜினீயரிங் முதல் செமஸ்டரில் ‘லிமிட்’, ‘டெரிவேட்டிவ்’ என்று ஆரம்பித்ததுமே மிரண்டுபோனாள். முதல் இன்டர்னலில் ஃபெயில். “வந்து டிசி வாங்கிடும்மா” என்று போனில் அழுதாள்.

அன்றிரவு, பெட்டியிலிருந்த பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டியபடி ஒரு கணக்குப் போட்டாள். கீழே விழும் கல் கடக்கும் தூரம், விநாடிகளின் வர்க்கத்தைப்போல் சுமார் 5 மடங்கு மீட்டர். சரியாக 3-வது விநாடியில் அதன் வேகம்? அடுத்த 0.1 விநாடியின் சராசரி 30.5, 0.01 விநாடிக்கு 30.05, 0.001-க்கு 30.005. இடைவெளி சுருங்கச் சுருங்க, விடை 30-ஐ நெருங்கியது.

அட, ‘லிமிட்’ என்றால் ‘எல்லை’! அந்த 30தான் ‘வகைக்கெழு’, அதாவது டெரிவேட்டிவ். கணக்கு தெரிந்ததுதான், பெயர்தான் புதுசு.

காலையில் மறுபடி போன்: “டிசி வேணாம்மா. பாஸ் பண்ணிடுவேன்!”