மீனை விடப் போகும் பேத்திக்கு

மக்களே,

இறைச்சியையும் மீனையும் விடப் போகிறேன் என்று நீ சொன்னதும் உன் அம்மை முகம் வாடிவிட்டது. மாமன் சிரித்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாற்பதை ஒட்டிய வயதில், இதே திருவனந்தபுரத்தில், நானும் அந்த முடிவை எடுத்தவன்தான். அதனால் சில விஷயங்களை உன்னிடம் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில், நீ எந்தக் கூட்டத்தில் சேருகிறாய் என்று தெரிந்துகொள். இந்திய அரசின் மாதிரிப் பதிவுத் திட்டம் 2014-ல் எடுத்த கணக்கின்படி, கேரளத்தில் 15 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 97 பேர் அசைவம் சாப்பிடுகிறவர்கள். தமிழ்நாட்டிலும் ஏறத்தாழ அப்படித்தான். மீதி 3 பேரில் பெரும்பாலோர் பிறந்த வீட்டுப் பழக்கத்தால் சைவம். வலியசாலையிலும் கரமனையிலும் கோட்டைக்குள்ளும் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ் அக்கிரகாரங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, சைவம் என்றாலே அவர்கள் ஞாபகம்தான் வரும். உன்னுடையது அந்த வகை இல்லை. நீ மீன் மணக்கும் அடுக்களையில் பிறந்து, யோசித்து விடுகிறாய். அப்படி விட்டவர்களுக்கு இந்த ஊரில் பெரிய பரம்பரையே உண்டு. அது பலருக்கும் தெரியாமல் போனதில் எனக்கு வருத்தம்.

கண்ணம்மூலையில் ஏழை நாயர் வீட்டில் 1853-ல் பிறந்தவர் சட்டம்பி சுவாமிகள். நீ தினமும் பஸ்ஸில் கடந்து போகிறாயே செக்ரட்டேரியட், 1869-ல் அந்தக் கட்டடம் எழும்பி முடிவதற்குள் அங்கே கூலியாளாகச் சுமை தூக்கியவர். பிறகு கல்லிடைக்குறிச்சிக்குப் போய்த் தமிழ்ப் பண்டிதரிடம் வேதாந்தம் படித்தார். உயிர்க்கொலையும் புலால் உணவும் கூடாது என்று வாதிட ‘ஜீவகாருண்ய நிரூபணம்’ என்று தனியாக ஒரு நூலே எழுதினார். செம்பழந்தியில் பிறந்த நாராயண குருவும் ஐந்து பாட்டில் ‘ஜீவகாருண்ய பஞ்சகம்’ பாடினார். அந்தக் குரு நம்முடைய திருக்குறளில் ஒரு பகுதியையும் ‘ஒழிவிலொடுக்கம்’ நூலையும் மலையாளத்தில் தந்தவர். அதே ‘ஒழிவிலொடுக்க’த்தைத்தான் 1851-ல் வள்ளலார் பதிப்பித்தார். வடலூருக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே இப்படி ஒரு நூலிழை ஓடுவது எனக்கு எப்போதும் பெருமையாக இருக்கும்.

இவர்கள் எல்லோருக்கும் மூத்தவர், சட்டம்பி சுவாமிக்கும் நாராயண குருவுக்கும் யோகம் சொல்லிக் கொடுத்தவர், தைக்காடு அய்யாவு சுவாமிகள். தமிழர். பிரிட்டிஷ் ரெசிடென்சியில் வேலை பார்த்ததால் ‘சூப்பிரண்டு அய்யா’ என்று ஊரார் அழைத்தார்கள். தைப்பூசத்தன்று அவர் வீட்டில் பந்தி போடும்போது, தெருவில் நடக்கவே அனுமதி இல்லாத புலையர் சமூகத்தில் பிறந்த அய்யன்காளி அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். மேல்சாதிக்காரர்கள் அய்யாவைத் தூற்றினார்கள். அவர் பந்தியை நிறுத்தவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், சைவத்துக்குள் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ‘நான் சுத்தம், நீ தீட்டு’ என்று அடுத்தவனைத் தள்ளி உட்கார வைப்பது. இன்னொன்று, எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டு ஆட்டையும் கோழியையும்கூட அந்தக் கருணைக்குள் சேர்த்துக்கொள்வது. நம் ஊர்ப் பெரியவர்கள் நடந்தது இரண்டாவது வழி. வள்ளலார் 1867-ல் வடலூரில் தருமசாலை திறந்தபோது முதலில் பார்த்தது மனிதனின் பசியைத்தான். சாதி கேட்காமல் சோறு போட்டார். அந்த அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. பசித்தவனின் தட்டில் கிடக்கும் சாளை மீனைப் பார்த்து முகம் சுளிக்கிற சைவத்தில் கருணை ஏது?

2018 வெள்ளத்தை நினைத்துப் பார். விழிஞ்ஞத்திலிருந்தும் பூந்துறையிலிருந்தும் கடற்காரர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூர்ப் பக்கம் போனார்கள். மாடியில் தவித்தவர்களை அவர்கள் இறக்கினபோது, யார் மீன் சாப்பிடுகிறவர், யார் சாப்பிடாதவர் என்று பார்க்கவில்லை. காலையில் நம் நடையில் கூடையை இறக்கி வைக்கும் மீன்காரம்மாவும் அந்தக் கரையிலிருந்து வருகிறவர். நீ மீன் வாங்குவதை நிறுத்தலாம். அவரைப் பார்த்துச் சிரிப்பதையும், குடிக்கத் தண்ணீர் கொடுப்பதையும் நிறுத்தக் கூடாது. உன் தம்பி சாப்பிடும்போது மூக்கைப் பொத்துவது, அம்மையிடம் ‘எனக்குத் தனிச் சட்டி’ என்று அதட்டுவது, இதெல்லாம் உன்னிடம் வரவே கூடாது. தனியாக ஒன்று வேண்டுமென்றால் நீயே அடுப்படியில் நின்று செய்.

அடுப்படி என்றதும் தீயல் ஞாபகம் வருகிறது. இந்த ஊரில் ஆட்டிறைச்சியும் கோழியும் விடுவது லேசு. மீன்தான் விடாது. கப்பையைப் பார்த்தால் கை தானாக மீன்குழம்பைத் தேடும். நான் கண்டுகொண்டது இதுதான்: மீன் ஆசை என்று நாம் நினைப்பதில் பாதி, மீனுக்கான ஆசையே இல்லை. குடம்புளியின் புளிப்பும் மிளகாயின் காரமும் வறுத்த தேங்காயின் மணமும் சேர்ந்த ஆசை அது. அவற்றைக் காய்கறிக்குக் கொடு. இரும்புச் சட்டியில் தேங்காய்த்துருவலைப் போட்டு, தீயைக் குறைத்து வைத்து, கையெடுக்காமல் கிளறு. முதலில் ஈரம் போகும், பிறகு பொன்னிறம் வரும். அங்கேதான் பலர் இறக்கிவிடுவார்கள். இன்னும் பொறு. கருவாப்பட்டை நிறம் வந்து, சட்டியின் ஓரத்தில் எண்ணெய் மினுங்கும் நேரத்தில் மல்லியும் மிளகாய்த்தூளும் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி இறக்கு. தண்ணீர் தெளிக்காமல் அரைத்தால் அதன் எண்ணெயிலேயே விழுதாகும். வதக்கிய சின்ன உள்ளியில் புளிக்கரைசலோடு இதைச் சேர்த்துக் கொதிக்க விட்டால் உள்ளித் தீயல். பலாக்கொட்டை, பாகற்காய், முருங்கைக்காய் எதுவும் ஒத்துப்போகும். கப்பைக்குக் காந்தாரி மிளகாயும் உள்ளியும் உப்பும் இடித்துத் தேங்காயெண்ணெய் விட்ட சம்மந்தி போதும். ஆசை உச்சத்தில் இருக்கும் நாட்களில் மீன்குழம்பு மசாலாவிலேயே வாழைக்காயைப் போட்டு, குடம்புளி சேர்த்துக் கொதிக்க வை.

ஒரேயடியாக விடவும் வேண்டாம். இறைச்சி, பிறகு கோழி, கடைசியில் மீன் என்று இறங்கு. முட்டை வேண்டுமா வேண்டாமா என்பது உன் விருப்பம்.

இனி உடம்பு. இதில் உணர்ச்சிக்கு இடமில்லை. மீனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னும் ஒரு கரண்டி சோற்றையும் மாலையில் பழம்பொரியையும் வைக்கிறவர்கள் இந்த ஊரில் நிறைய. சர்க்கரை நோய்க்கு அது நேர் வழி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ இருக்கும் உனக்கு 42 கிராம் அளவில் வரும். நீர்க்க இருக்கும் சாம்பாரில் அது கிடைக்காது. 100 கிராம் பச்சைப்பயறில் 24 கிராம் போல இருக்கிறது. கஞ்சியும் பயறும், புட்டும் கடலையும், காணத் துவையலும் நம் ஏழை வீடுகளின் சாப்பாடு. தானியத்தில் குறைவதைப் பயறு நிரப்பும். கீரையும் பயறும் சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் ஏறும். சாப்பிட்ட கையோடு சாயா குடித்தால் அது கெட்டுப்போகும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடி.

பி12 வைட்டமினை மறக்காதே. அது செடிகொடிகளில் நம்பும்படி கிடைப்பதில்லை. புளித்த இட்லி மாவில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதே. கல்லீரலில் பல வருஷத்துக்கான சேமிப்பு இருப்பதால், குறைவது உடனே தெரியாது. பிறகு களைப்பு, மறதி, கால் மரத்துப்போவது என்று மெல்லத் தலைகாட்டும். பாலும் தயிரும் ஒழுங்காகச் சேர்த்துக்கொள். அதையும் விடும் எண்ணம் இருந்தால் டாக்டரைக் கேட்டு மாத்திரை எடுத்தே ஆக வேண்டும்.

மாறுவதற்கு முன்பே ரத்தத்தில் ஹீமோகுளோபினும் பி12-ம் எவ்வளவு என்று பார்த்துவிடு. ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்கலாம். முதல் சீட்டை எடுத்துக்கொண்டு இந்தச் சனிக்கிழமை வா. அம்மையையும் கூட்டி வா, தீயலுக்குத் தேங்காய் வறுக்க அவளைவிடக் கைப்பக்குவம் உள்ளவர் நம் குடும்பத்தில் இல்லை.