புலிக்குப் பக்கத்தில் மீன்

(கோரமண்டல், கே.ஜி.எஃப்.)

* சீனத்து ஆன்யாங்கில் 1976-ல் திறந்த, ஷாங் வம்சத்து ஃபூ ஹாவ் அரசியின் கல்லறை, ஏறக்குறைய கி.மு. 1200. உள்ளே 755 ஜேடு பொருள்கள், மீன்களும் உண்டு. தட்டை உடம்பு, துடுப்புக்கு நாலு கீறல். கோத்துத் தொங்கவிட ஒரு துளை.

* ஜேடில் கத்தி இறங்காது. ஈர மணலை வைத்துத் தேய்த்துத் தேய்த்துத்தான் உருவம் எடுக்க வேண்டும். நம் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் பாறையை வெடிவைத்து உடைத்தோம், மில்லில் பொடித்தோம், தங்கம் போக மிஞ்சிய மணலைச் சயனைடு மேடுகளாகக் குவித்தோம். அங்கே மணல்தான் உளி.

* பழையதைப் பார்த்துச் செய்வது அங்கே பெரிய மரபு. 1092-லேயே லூ தாலின் பழம்பொருள்களுக்குப் படநூல் தொகுத்துவிட்டார். 1759-ல் சின்ஜியாங் கைக்கு வந்ததும் சியான்லோங் பேரரசரின் பட்டறைகளுக்குக் கோத்தான் ஜேடு தாராளமாக வந்தது. பழைய வெண்கலக் கலங்களின் வடிவங்கள் ஜேடில் மறுபடி பிறந்தன. அவர் மஞ்சு இனத்தவர். பழைய சீனத்தோடு உறவு கொண்டாட இதுவும் ஒரு வழி.

* நமக்கு மீன் என்றால் பாண்டியன். பெருவழுதி நாணயத்தின் பின்புறம் சில கோடுகளிலேயே மீன். ஷாங் காலத்துக் கைக்கும் அந்தச் சிக்கனம் புரிந்திருக்கும்.

* ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரை: உட்கார்ந்த புலி, பக்கத்தில் இரண்டு மீன், வில். தோற்றவர்களின் சின்னங்கள் வென்றவன் குடைக்கீழ். கோலார் டவுன் கோலாரம்மா கோயிலில் அவன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. நிகரிலிச்சோழ மண்டலம் என்று இந்தச் சீமைக்கு அன்று பெயர். அதாவது நாமும் அந்தப் புலியின் எல்லைக்குள்தான்.

* 1251-ல் சடையவர்மன் சுந்தர பாண்டியன் பட்டமேறுகிறான். சோழன் வரி கட்டும் நிலைக்கு இறங்குகிறான். பாண்டியர் கை பட்ட கோயில்களில் அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் இணைக்கயல். புலிக்குப் பக்கத்தில் ஒடுங்கியிருந்தது இப்போது தலைக்கு மேலே.

* திருக்கோணமலைக் கோட்டை வாசலிலும் இணைக்கயல் இருக்கிறது. போர்த்துகீசியர் 1620-களில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களாலேயே கோட்டை கட்டினார்கள்.

* ஆக, பழைய உருவத்தை எடுப்பவர் மூன்று வகை. சியான்லோங் உறவு கொண்டாட எடுத்தார், ராஜேந்திரன் அடக்கிக் காட்ட எடுத்தான். போர்த்துகீசியருக்கு வாசலுக்கு ஒரு நல்ல கல் வேண்டியிருந்தது. மீன் இவர்களில் எவரையும் தடுக்கவில்லை.