கூண்டை அழிக்க வேண்டாம் என்றோம்

எங்கள் வீட்டில் பாட்டிக்குக் கல்யாணப் படம் கிடையாது. அம்மாவுக்கு ஒன்றே ஒன்று உண்டு, மூலையில் கரையான் அரித்தது. அதில் அம்மா தலையைக் குனிந்தபடி நிற்கிறார், முகம் பாதிதான் தெரிகிறது. "ஏம்மா இப்படிக் குனிஞ்சிருக்க?" என்று கேட்டால், "போட்டோக்காரரு அப்படித்தான் நிக்கச் சொன்னாரு" என்பார்.

போன தை மாதம் எனக்கும் என் இணையருக்கும் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. நான் சேரிப் பெண். அவர் இடைநிலைச் சாதியில் பிறந்தவர். அவர் வீட்டில் சம்மதம் இல்லை. நிச்சயத்துக்கும் திருமணத்துக்கும் படம் எடுக்கலாம் என்று நான் சொன்னபோது அமைப்புத் தோழர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். ஆடம்பரமாம். வட்டிக்குக் கடன் வாங்கி டிரோன் பறக்க விடுவதை நானும் ஏற்கவில்லை. ஆனால் படமே வேண்டாம் என்பது வேறு பேச்சு. 1934 பிப்ரவரியில் ராஜகிருகத்தில் அண்ணல் தன் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு மே மாதம் ரமாபாய் இறந்துவிட்டார். அந்தக் குடும்பத்தின் முகங்களை நாம் இன்று அறிவது அப்படிப்பட்ட படங்களால்தான். அதை ஆடம்பரம் என்று யாரும் சொல்வதில்லை.

முதலில் ஒரு ஸ்டூடியோவில் விசாரித்தோம். நிச்சயம், வெளிப்புறப் படப்பிடிப்பு, திருமணம், ஆல்பம் எல்லாம் சேர்த்து 85 ஆயிரம் என்றார்கள். அவர்கள் நீட்டிய தாளில் எடுக்க வேண்டிய படங்களின் பட்டியல் இருந்தது: பாத பூசை, தாலி, மெட்டி, அம்மி, அருந்ததி. எங்கள் திருமணத்தில் இதில் எதுவுமே இல்லை. மாலை மாற்றிக்கொள்வோம், உறுதிமொழி படிப்போம், கையெழுத்துப் போடுவோம், அவ்வளவுதான் என்றேன். "அப்போ என்னத்தம்மா எடுக்கிறது?" என்று அந்த அண்ணன் உண்மையாகவே குழம்பிப்போனார். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் "ஊர்லயா, காலனியிலயா?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குப் பிறகு அந்தத் தேதியில் அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. (காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வாயிலிருந்து நீக்க எந்த அரசாணை போடுவது?)

கடைசியில் ஒரு தோழரின் தம்பி கிடைத்தான். கேமரா ஒன்று, லென்ஸ் இரண்டு, வீடியோ கிடையாது, 22 ஆயிரம். அவனோடு நாங்கள் இருவரும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பேசினோம். அந்த உட்கார்தலுக்குக் கொடுத்த நேரம்தான் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

முதல் பேச்சு நிறம் பற்றியது. நான் கறுப்பு, அவர் மாநிறம். 1950களில் கோடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி என்பது அந்த அட்டைக்கே பெயராகிவிட்டது. அவர் தோல் சரியாக வந்தால் படம் சரி. கறுப்புத் தோல் எப்படி வந்தால் என்ன என்று நீண்ட காலம் யாரும் கேட்கவில்லை. பிலிம் போய்விட்டது, அந்தப் புத்தி போகவில்லை. வெள்ளைத் திரைக்கு முன் நிறுத்தினால் கேமரா திரையின் வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நம் முகத்தை இருட்டாக்கிவிடும். அதைச் சரிக்கட்ட பிளாஷை நேராக அடிப்பார்கள், நெற்றியும் மூக்கும் எண்ணெய் வடிவதுபோல் மின்னும். பிறகு கம்ப்யூட்டரில் வெளுப்பார்கள். அப்படி வெளுத்த அக்காக்களை நம் தெருவில் ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், சொந்தப் பிள்ளைக்கே அடையாளம் தெரியாது. நாங்கள் கேட்டது இவைதான்: செங்கல் சுவர் அல்லது மர நிழல் பின்னால் இருக்கட்டும், வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வரட்டும், காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை நாலரைக்கு மேல் எடுப்போம், முகத்தை வெளுக்காதே. முகப்பூச்சுக்கு வந்த அக்காவிடமும் இதே ஒப்பந்தம்தான். என் நிறத்துக்கு ஒத்த பவுண்டேஷன் அவரிடம் இல்லை. பூச்சே இல்லாமல் மை மட்டும் இட்டுக்கொண்டேன்.

அடுத்தது நிற்கும் விதம். ஆண் நிமிர்ந்து நிற்க, பெண் அவன் நெஞ்சில் கைவைத்து அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? நான் அவரைவிட ஒரு விரல் உயரம். தம்பி அவருக்குக் கீழே ஒரு செங்கல் வைக்கலாமா என்று கேட்டான். என் இணையர் சிரித்தே மறுத்துவிட்டார்.

நிச்சயப் படத்துக்கு எந்த இடம் என்பதில் எங்களுக்குள் சண்டையே வந்தது. அவருக்கு மாமல்லபுரம். எனக்கு என் தெரு. நான் படித்த ஆதிதிராவிடர் நலப் பள்ளி, அம்மா நாற்று நட்ட வயல் வரப்பு, தெருமுனையில் அண்ணல் சிலை. தொல்லியல் துறை இடங்களில் ஸ்டாண்டு வைத்து எடுக்கத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று தெரிந்ததும் அவர் இறங்கிவந்தார். சிலையைச் சுற்றி இரும்புக் கூண்டு. தமிழ்நாட்டில் இது புதிதில்லை. அந்தப் படத்தை எடுத்துவிட்டுத் தம்பி, "அக்கா, கம்பியை எடிட்ல அழிச்சிரட்டுமா? சுத்தமா இருக்கும்" என்றான். அவன் நல்லெண்ணத்தில்தான் கேட்டான். வேண்டாம் என்றோம். அவர் கூண்டுக்குள், நாங்கள் வெளியே. அப்படித்தானே இருக்கிறது.

இனி சொல்வது சாதி மறுப்பு இணையர்களுக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சிறப்புத் திருமணச் சட்டம், 1954இன்படி என்றால் 30 நாள் அறிவிப்பை அலுவலகத்தில் ஒட்டுவார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967இல் திருத்தம் செய்து சேர்த்த 7ஏ பிரிவில் அந்த அறிவிப்பு இல்லை. பௌத்தர்களுக்கும் பொருந்தும், கிறித்தவர்களுக்குப் பொருந்தாது. ஊரறிய விழா நடத்தினால்தான் செல்லும் என்பதும் இல்லை, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவுபடுத்திவிட்டது. நாங்கள் 7ஏ. அதனால் படமும் ரகசியமாகவே இருக்க வேண்டியிருந்தது. ஸ்டூடியோக்கள் மாதிரிக்கு என்று இன்ஸ்டாகிராமில் போட்டுவிடுவார்கள். எங்கள் அனுமதி இல்லாமல் ஒரு படமும் வெளியே போகக் கூடாது என்று தம்பியிடம் எழுதி வாங்கினோம். செல்போன் படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிவாகியிருக்கும், அந்த வசதியை அணைத்துவிட்டுத்தான் நண்பர்களை எடுக்கச் சொன்னோம். பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த அன்று மாலை நாங்களே முகநூலில் போட்டோம். ஒளிந்திருக்கும்வரை படம் ஆபத்து. சட்டப்படி முடிந்த பிறகு நாலு பேர் பார்த்திருப்பதே ஒரு பாதுகாப்பு என்று நினைத்தோம். முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கரை வெட்டியதும் ஒரு கேமராவில்தான் பதிவானது. அவரும் கௌசல்யாவும் மணமுடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

திருமண நாளுக்கு யார் யாரை எடுக்க வேண்டும் என்று பெயர் எழுதிக் கொடுத்தோம். தலைவர்கள் மேடையேறினால் கேமரா தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும், அதற்குப் பட்டியல் தேவையில்லை. நாங்கள் எழுதியது சோறு வடித்த சின்னம்மா, பந்தல் போட்ட அண்ணன்கள், பறை அடித்த மாமா. மாமாவை ஆடும் கூட்டத்துக்கு நடுவில் கலங்கலாக எடுக்காதே, விரலும் குச்சியும் தெளிவாகத் தெரிய எடு என்று தனியாகச் சொன்னேன். குடும்பப் படத்தில் அம்மா நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று பின்னால் போய் நின்றார். நாற்காலியோடு நாங்கள் பின்னால் போனோம்.

எடுக்கக் கூடாதவர் பட்டியலும் ஒன்று இருந்தது. அதில் ஒரே பெயர்தான், என் இணையரின் தங்கை. கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தாள். "அண்ணி, நான் எதுலயும் விழுந்துரக் கூடாது" என்றாள். அவள் மஞ்சள் சுடிதார் போட்டிருக்கிறாள் என்று தம்பியிடம் அடையாளம் சொன்னோம். அவன் அன்று முழுக்க அந்த நிறம் தெரியும் பக்கம் கேமராவைத் திருப்பவே இல்லை. அதனால் பந்தலின் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப் பேர் ஆல்பத்தில் இல்லை. என் பெரியம்மாவுக்கு இன்னும் கோபம். காரணத்தை அவரிடம் சொல்ல முடியாது, ஊர் முழுக்கப் பரவிவிடும்.

940 படங்கள் வந்தன. 120 தேர்ந்தெடுத்திருக்கிறோம். ஆல்பம் அச்சுக்குப் போகும் முன் பெரியம்மாவை வீட்டுக்கு வரச்சொல்லி, வேப்பமரத்தடியில் உட்கார வைத்துத் தனியாக ஒரு படம் எடுக்க வேண்டும். வருவதாகச் சொல்லியிருக்கிறார், புதுப் புடவை வேண்டுமாம்.