எந்த ஆபீஸ்ல வெடிச்சது?

 

போன மாதம் விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் பேருந்தில் போனேன். பக்கத்தில் இருந்த பாட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். திருத்தங்கல் வந்ததும் கேட்டேவிட்டார். "எந்த ஆபீஸ்ல தாயி வெடிச்சது?"

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் பக்கம் பட்டாசு ஆலையை ஆபீஸ் என்போம். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, முதலிப்பட்டியில் நடந்த விபத்தை நாங்கள் யாரும் மறக்கவில்லை. ஏறத்தாழ 40 பேர் போனார்கள். அதனால் முகம் மாறியிருந்தால் நெருப்பு என்றுதான் இங்கே நினைப்பார்கள். பாட்டி மேல் எனக்குக் கோபமில்லை.

எனக்கு வந்தது ஸ்க்ளீரோடெர்மா, தோல் இறுகும் நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி, தோலில் கொலாஜன் என்ற நாரை அளவுக்கு மேல் சேர்த்துவிடுகிறது. பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறதாம். முதலில் குளிரில் விரல் வெளுத்தது. பிறகு மூக்கு கூர்மையானது, உதடு மெலிந்து சுற்றிலும் சுருக்குப்பை போல வரி விழுந்தது, கன்னத்தில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. கடைசியில் வாய் சிறுத்துவிட்டது. முப்பது வருடம் ஒன்றாம் வகுப்பில் "வாயை நல்லாத் திறந்து ஆ சொல்லு" என்று பிள்ளைகளை அதட்டியவளுக்கு, இட்லியைப் பிய்த்துத்தான் உள்ளே தள்ள முடிந்தது. பல் டாக்டரால் கடைவாய்ப் பல்லை எட்டவே முடியவில்லை.

அந்தச் சமயத்தில் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு நிஜமாகவே ஆபீஸ் விபத்து. தீக்காயத் தழும்பு சுருங்கி, அவள் வாயும் சிறுத்திருந்தது. "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு கட்டு ஐஸ் குச்சியை எடுத்தாள். குச்சிகளை அடுக்கிப் பல் நடுவே வைத்து, சில நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். பழகப் பழக ஒரு குச்சி கூட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சி அது.

மதுரை டாக்டரிடம் கேட்டேன். உங்களுக்கும் இதேதான், வலி வராமல் செய்யுங்கள் என்றார். 13 குச்சியில் ஆரம்பித்தேன். எட்டு மாதத்தில் 16. மூன்று குச்சிதானே என்று நினைக்காதீர்கள், ஒரு ஸ்பூன் தாராளமாக உள்ளே போகிறது.

அதற்குப் பிறகுதான் முகத்துக்கான சிகிச்சை. நோய் அடங்கியிருக்கிறதா, நுரையீரலும் இதயமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்த பிறகே பிளாஸ்டிக் சர்ஜனிடம் அனுப்பினார்கள். என் வயிற்றுக் கொழுப்பையே மெல்லிய குழாயால் உறிஞ்சி, சுத்தம் செய்து, உதட்டைச் சுற்றிச் சிறுகச் சிறுக ஊசியால் ஏற்றினார்கள். அதில் ஒரு பகுதி கரைந்துவிடும், மறுபடி செய்ய வேண்டி வரலாம் என்று முன்பே சொன்னார்கள். அப்படித்தான் கொஞ்சம் கரைந்தது. ஆனாலும் வரிகள் இளகின, உதடு மடங்குகிறது. சிவப்புப் புள்ளிகளுக்கு லேசர் தனியாக, பல தடவை. மறைந்த இடத்தில் புதிதாக ஒன்று முளைக்கவும் செய்யும்.

"ஃபேஷியல் பண்ணுங்க, சரியாயிடும்" என்று சொன்ன தோழிகளே, தயவுசெய்து இனி யாரிடமும் அதைச் சொல்லாதீர்கள். இது பார்லர் விஷயம் இல்லை.

காப்பீட்டு நிறுவனம் "அழகுக்கான சிகிச்சை" என்று எழுதிப் பணம் மறுத்தது. சாப்பிட வாய் திறப்பது அழகா? பதிவுத் தபாலில் மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. வைப்புத்தொகையை உடைத்தேன். 67 வயதில் இதெல்லாம் தேவையா என்று என் தம்பியும் கேட்டான். தேவைதான். கண்ணாடியில் தெரிந்த ஆளை எனக்கே அடையாளம் தெரியாமல் இருந்தது, தம்பிக்கு எப்படிப் புரியும்?

பால் க்ளே என்ற ஓவியருக்கு இருந்ததும் இந்த நோய்தான் என்கிறார்கள். 1940இல் அவர் இறந்து பல வருடம் கழித்துத்தான் அப்படிக் கணித்தார்கள். எனக்கு உயிரோடு இருக்கும்போதே பெயர் தெரிந்துவிட்டது, பரவாயில்லை.

பாட்டியிடம் "வெடி இல்லைம்மா, வியாதி" என்றேன். "ஒட்டுமா?" என்று கேட்டார். ஒட்டாது என்றதும் மடியிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தார். கடித்தே தின்றேன்.

மாணவிக்குத் தழும்பை விடுவிக்கும் அறுவை சிகிச்சை தீபாவளி முடிந்த வாரம். துணைக்கு நான் போகிறேன்.