மலையில்லா ஊரில் மலையோட்டம்

சென்னை மாநகரின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்கள் ஒன்றுக்கொன்று அண்டையில் அமைந்திருக்கின்றன. அம்பத்தூர் என்றதும் 1949ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மிதிவண்டித் தொழிற்சாலையும், 1964இல் அமைந்த தொழிற்பேட்டையும் நினைவுக்கு வரும். ஆவடி என்றால் 1955ஆம் ஆண்டில் நடந்த காங்கிரஸ் மாநாடும், 1961இல் நிறுவப்பெற்ற கனரக ஊர்தித் தொழிற்சாலையும் நினைவுக்கு வரும். பூவிருந்தவல்லியோ ஆங்கிலேயர் காலத்தில் கப்பலில் வந்திறங்கிய சிப்பாய்கள் தங்கி இளைப்பாறிய படைத்தளம். நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குத் திரு இருதயக் குருமடம் இருக்கும் ஊர். இங்கே ஏரிகள் பல, ஆலைகள் பல. ஆயின் குன்று என்று சொல்லத்தக்க மேடு ஒன்றேனும் இல்லை. மழை பெய்தால் நீர் எப்பக்கம் ஓடுவது என்று அறியாது தயங்கி நிற்கும் சமதரை இது.

இச்சமதரையில் வாழும் மக்களுள் சிலருக்கு அண்மைக் காலத்தில் ஓர் ஆவல் பிறந்திருக்கிறது. சிற்றூர்ப்புறங்களில், ஏற்றமும் இறக்கமும் நிறைந்த மலைச்சாலைகளில் நடைபெறும் மாரத்தான் ஓட்டங்களில் தாமும் பங்குகொள்ள வேண்டும் என்பதே அது. அவர்கள் பரிசை நாடுவோர் அல்லர். நாளெல்லாம் இயந்திரத்தின் முன் நின்றும், நாற்காலியில் அமர்ந்தும் தளர்ந்துபோன உடலை, இறைவன் அளித்த கொடையென மீண்டும் உணர விழைவோரே அவர்கள். எம் பங்கைச் சார்ந்தோரும் அண்டை வீட்டாருமாக ஒன்பது பேர் கொண்ட குழுவொன்று அவ்வாறு புறப்பட்டது. மலையில்லா ஊரார் மலைக்கு எங்ஙனம் ஆயத்தமாவது? அக்குழுவுடன் ஓடியும் நடந்தும் நாம் கண்ட வழியை அன்பு வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும் ஆகும். இவ்வெண்ணை ஏட்டில் படிப்போர்க்கு அதன் நீளம் விளங்காது. நம் பகுதியினர்க்கு எளிதாக விளங்கும் அளவு ஒன்று உண்டு. சென்னை சென்ட்ரல் நிலையத்தில் மின்தொடர் வண்டி ஏறினால், ஏறக்குறைய 15 கிலோமீட்டரில் அம்பத்தூர் வரும். 21 கிலோமீட்டரில் ஆவடி வரும். திருநின்றவூரைக் கடந்து திருவள்ளூரில் இறங்கும்போது ஏறக்குறைய 42 கிலோமீட்டர் ஆகியிருக்கும். ஆக, சென்ட்ரலிலிருந்து ஆவடி வரை பாதி மாரத்தான். திருவள்ளூர் வரை முழு மாரத்தான். 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் புகைவண்டியும் ஆவடி வழியாகவே சென்றது. அவ்வளவு தொலைவையும் ஒருவர் தம் கால்களால் ஓடிக் கடப்பதே மாரத்தான்.

இவ்வோட்டத்தின் பிறப்பிடமும் ஒரு சிற்றூரே என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. கி.மு. 490இல் மாரத்தான் என்னும் ஊரில் பாரசீகப் படையைக் கிரேக்கர் வென்றனர். அச்செய்தியை ஏதென்சுக்கு ஓடிச் சென்று உரைத்து உயிர்நீத்த தூதன் ஒருவனைப் பற்றிப் பிற்கால நூலோர் எழுதினர். அதனை நினைவுகூர்ந்து 1896ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், முதல் நவீன ஒலிம்பிக்கில் மாரத்தானிலிருந்து ஏதென்சு வரை ஓட்டம் நடந்தது. தொலைவு அப்போது ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வென்றவர் ஸ்பிரிடோன் லூயிஸ். தண்ணீர் சுமந்து விற்ற எளிய மனிதர். அவ்வழியும் சமதரையன்று. கடலோரச் சமவெளியில் தொடங்கி, பத்தாவது கிலோமீட்டருக்குப் பின் மெல்ல மெல்ல உயர்ந்து, முப்பதாவது கிலோமீட்டருக்கு மேல்தான் நகரை நோக்கி இறங்கும். ஆகவே மலையோட்டம் புதிதன்று. முதல் மாரத்தானே மலையோட்டம்தான் எனின் மிகையன்று. இன்றைய தொலைவு 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பெற்று, 1921இல் நிலையாக வகுக்கப்பட்டது.

நம் நாட்டிலும் இவ்வரலாற்றில் இடம்பெற்ற எளியவர் உளர். பீகார் மாநிலத்தவரும் படைவீரருமான சிவநாத் சிங், காலணியின்றி வெறுங்காலுடன் ஓடும் வழக்கமுடையவர். 1976ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் பதினோராவதாக வந்தார். 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி அவர் நிறுவிய தேசியச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முறியடிக்கப்படாமல் நின்றது. நம் தமிழகத்தின் எல்லையை ஒட்டிய ஆரோவில்லிலும், 2008ஆம் ஆண்டு முதற்கொண்டு, செம்மண் காட்டுப் பாதைகளில் மாரத்தான் நடத்தப்பெற்றது; போட்டியினும் ஓடும் மகிழ்ச்சியே பெரிது என்பது அதன் கொள்கை.

பூவிருந்தவல்லியிலிருந்து பரங்கிமலைக்கு

மலை வேண்டுவோர்க்கு நம் பகுதியில் ஒரு வழி உண்டு. பூவிருந்தவல்லியில் தொடங்கும் சாலை, புனித தோமையார் மலை என்னும் பரங்கிமலையில் சென்று முடிகிறது. மவுண்ட்–பூந்தமல்லி சாலை என்பது அதன் பெயர். ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளமுடைய இச்சாலை, பழைய நாளில் இரண்டு படைத்தளங்களை இணைத்தது. அன்று பீரங்கி வண்டிகள் சென்ற வழியில் இன்று மணல் லாரிகளும் கம்பெனிப் பேருந்துகளும் செல்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நான்கரை மணிக்கு எம் குழு பூவிருந்தவல்லியிலிருந்து புறப்பட்டது. குமணன்சாவடி, காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல் ஆகிய ஊர்கள் இருளிலேயே கடந்தன. பால் வண்டிகளும், அடுப்பு மூட்டும் தேநீர்க் கடைகளும், மெட்ரோ ரயிலுக்காக எழுப்பிய பெருந்தூண்களுமே எமக்குத் துணை. போரூரில் 2017ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மேம்பாலம் எதிர்ப்பட்டது. மற்றவர்க்கு அது பாலம். எமக்கோ அதுவே முதல் குன்று. சமதரையில் ஓடப் பழகிய கால்கள் அச்சிறு ஏற்றத்திலேயே முறையிடத் தொடங்குவதைக் கண்கூடாகக் கண்டோம்.

மணப்பாக்கத்திற்கும் நந்தம்பாக்கத்திற்கும் இடையே அடையாற்றைக் கடக்கும்போது கிழக்கு வெளுத்தது. 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இவ்வாறு கரைபுரண்டு, இருபுறத்து வீடுகளையும் மூழ்கடித்ததை நம்மவர் மறந்திரார். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் இவ்வழியாகவே கடலுக்குச் செல்கிறது. நீர் எவ்வழி ஓடும் என்பதைக் காரில் செல்வோர் கவனிப்பதில்லை; காலால் செல்வோர் ஒவ்வொரு பள்ளத்தையும் முழங்காலால் அறிவர். நம் ஊரைச் சமதரை என்று மேலே எழுதினோம். அச்சமதரையிலும் இத்தனை ஏற்றத்தாழ்வு உண்டு என்பதைக் கால்களே எமக்குக் கற்பித்தன.

அளக்கப்பட்ட மலை

பரங்கிமலை ஏறக்குறைய 300 அடி உயரமே உடையது. ஆயினும் இச்சிறு குன்று உலகறிந்த அளவைப் பணியொன்றின் பிறப்பிடம். வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி, 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், இம்மலையடியிலிருந்து தெற்கே பெரும்பாக்கத்துக் குன்று நோக்கி நிலத்தை அளக்கத் தொடங்கினார். நூறடிச் சங்கிலி ஒன்றை ஏறக்குறைய நானூறு முறை எடுத்து வைத்து, ஏழரை மைல் தொலைவை அளந்து முடிக்க 57 நாள்கள் ஆயின. பிற்காலத்தில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணித்த பேரளவைப் பணிக்கு அதுவே அடிக்கோடு. முதல் ஒலிம்பிக் மாரத்தான் நடந்ததும் அதே ஏப்ரல் 10ஆம் நாளில் என்பது நம்மை வியக்க வைத்தது. ஒரு தொலைவை உள்ளபடி அறிய வேண்டுமாயின் அதனை அடியடியாகக் கடப்பதன்றி வேறு வழியில்லை என்பதை, சங்கிலி பிடித்தவரும் ஓடியவரும் ஒருங்கே உணர்ந்திருப்பர்.

நம் மக்களுக்கோ இது புனித தோமையார் உயிர்நீத்த இடமென மரபு போற்றும் திருத்தலம். போர்த்துக்கீசியர் 1523இல் இங்கே ஆலயம் எழுப்பினர். பகலவி மொழி எழுத்துகள் பொறித்த கற்சிலுவை 1547இல் கண்டெடுக்கப்பட்டது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1986ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் இங்கே வருகை தந்தார். அடிவாரத்திலிருந்து உச்சிக்குச் செல்லும் கற்படிகளை அமைத்தவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். வயது முதிர்ந்த திருப்பயணிகள் மூச்சுவாங்காமல் ஏறவேண்டும் என்னும் கருணை அப்படிகளின் அகலத்திலேயே தெரிகிறது. செபித்து ஏறுவோர்க்கு இடையூறு ஆகாவண்ணம், நாம் வண்டிகள் செல்லும் வளைவுச் சாலை வழியே ஓடி ஏறினோம். இறங்கும்போது படிகளில் அமைதியாக நடந்தோம்.

ஏற்றத்தில் இளைஞர் மூவர் முதலில் பாய்ந்து ஓடினர். பாதி வழியில் இடுப்பில் கைவைத்து நின்றனர். மலைக்கென்று ஒரு முறை உண்டு. ஏறும்போது எட்டு வைக்கும் நீளத்தைக் குறைக்க வேண்டும். வேகத்தை மறந்து மூச்சின் அளவைக் காக்க வேண்டும். நடக்க வேண்டிய இடத்தில் வெட்கமின்றி நடக்க வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதே தொடைக்கும் முழங்காலுக்கும் பெருஞ்சுமை. முப்பது கிலோமீட்டருக்கு மேல் உடலில் சேர்ந்திருக்கும் மாச்சத்து தீர்ந்து, கால்கள் கல்லாகும் நிலை பலருக்கும் நேர்வதுண்டு. தொடக்கத்தில் வீணாக்கிய மூச்சுக்கு அங்கேதான் கணக்குத் தீர்க்கப்படும்.

ஒரு தாயின் ஓட்டம்

எம் குழுவில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஆயத்த ஆடை தைக்கும் தொழிலகம் ஒன்றில் பணிபுரியும் அன்னை ஒருவர் உளர். வயது நாற்பதைக் கடந்தவர்; இரு பிள்ளைகளின் தாய். ஓடவேண்டும் என்னும் ஆவல் அவருக்குப் பிறந்தபோது ஓட இடமில்லை. விடியுமுன் சாலையில் விளக்கு எரியாது, தெருநாய்கள் துரத்தும், அவற்றினும் கொடியோர், இருசக்கர வண்டியில் வந்து கேலி பேசிச் செல்வோர். எனவே முதல் ஆறு திங்கள் தம் வீட்டு மொட்டைமாடியிலேயே சுற்றிச் சுற்றி ஓடினார். பின்னர் அவர்தம் மூத்த மகன், பள்ளி மாணவன், மிதிவண்டியில் உடன்வர, தெருவுக்கு வந்தார். அதன்பின்னரே எம் குழுவில் இணைந்தார்.

பெண்டிர்க்கு நெடுந்தொலைவு ஓட்டம் ஆகாது என்று உலகமே நெடுங்காலம் கூறிவந்தது. ஒலிம்பிக்கில் ஆடவர் மாரத்தான் 1896இல் தொடங்கியது. மகளிர் மாரத்தானோ 1984ஆம் ஆண்டில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில்தான் முதன்முதலாக நடந்தது. இடையே 88 ஆண்டுகள். மகளிர்க்குக் கால்கள் இல்லாமல் போகவில்லை; வழிதான் விடப்படவில்லை.

அவ்வன்னை பரங்கிமலை ஏற்றத்தில் எவரையும் முந்தவில்லை, எவ்விடத்தும் நிற்கவுமில்லை. உச்சியை அடைந்ததும், விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு அப்பால், வந்த திசையாகிய மேற்கை நெடுநேரம் நோக்கினார். பனிமூட்டத்தில் பூவிருந்தவல்லி தெரியவில்லை. “அண்ணா, இத்தனை தூரமும் என் கால்களாலா வந்தேன்?” என்று எம்முள் மூத்தவரைக் கேட்டார். “ஆம் தங்கச்சி, வேறு யார் காலால்?” என்றார் அவர். அனைவரும் நகைத்தோம், ஆயினும் அவ்வினாவின் ஆழம் எம்மைத் தொட்டது. பிறர் வேலைக்காகவே இயங்கிவந்த கால்கள் தமக்கும் உரியவை என்று ஒருவர் அறிந்த நேரம் அது.

குடும்பங்களுக்கு ஒரு சொல்

புனித பவுலடியார் கொரிந்து நகரத்தாருக்கு எழுதுகையில் ஓட்டப் பந்தயத்தை உவமையாகக் கையாண்டார். இஸ்த்மிய விளையாட்டுகள் அந்நகரின் அருகிலேயே நடைபெற்றன. ஓட்டக்காரரின் பயிற்சியும் தன்னடக்கமும் அம்மக்கள் நேரில் கண்டவை. நம் பிள்ளைகளும் அவற்றை நேரில் காணவேண்டுமாயின், வீட்டில் ஒருவரேனும் காலையில் எழுந்து நடக்கவோ ஓடவோ வேண்டும்.

தொடங்குவோர் சிறிது சிறிதாகவே தொடங்குக. இதயநோயோ, சர்க்கரை நோயோ உடையவர் மருத்துவரைக் கலந்தபின் தொடங்குக. வெயில் ஏறுமுன் முடித்துவிடுக. வழியில் தண்ணீரும், உப்பிட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ அருந்துக. ஆவடிப் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடைபாதை உண்டு. அதுபோன்ற கரைகளைக் குப்பைமேடாகாமல் காப்பது ஊரார் கடமை. தெருவிளக்கும் நடைபாதையும் கேட்டு நகராட்சிக்கும் மாநகராட்சிக்கும் விண்ணப்பம் எழுதுவோர், தம் தெருப் பெண்களின் கையொப்பங்களையே முதலில் பெறுக. இருளின் துன்பத்தை அவர்களே மிகுதியாக அறிவர்.

கணவன்மார்க்கு ஒன்று: வாரத்தில் மூன்று நாள்களேனும் காலையில் ஒரு மணி நேரம் அடுப்பையும் பிள்ளைகளையும் நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரம் கிடைத்தால், மலையில்லா நம் ஊரிலிருந்தும் எத்தனையோ அன்னையர் மலையேறுவர்.