பதினெட்டும் பத்தொன்பதும்

அம்மம்மாவுக்கு ஜப்பான்காரன் என்றால் முதலில் ஒரு சத்தம்தான். கொட்டாஞ்சேனையில், சென் லூசியாஸ் பேராலயத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் குடியிருந்த காலம். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. பூசைக்கு வெள்ளை உடுப்போடு போன சனம் திரும்பி வருகிற நேரம், துறைமுகப் பக்கம் அதிர்ந்ததாம். "இடி எண்டுதான் நினைச்சம் பிள்ளை, பிறகுதான் புகையைக் கண்டம்" என்பா. துறைமுகம் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஹெக்டர், டெனடொஸ் என்று இரண்டு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் அன்று துறைமுகத்துக்குள்ளேயே தாண்டன. வந்தது அட்மிரல் நகுமோவின் படை, நாலு மாதத்துக்கு முன் பேர்ள் துறைமுகத்தை எரித்த அதே படை. அது வருகிறது என்பதை முதல் நாளே கடலில் கண்டு செய்தி அனுப்பிய கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சலின் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். மிச்சப் போர்க்காலத்தை அவர் ஜப்பானில் சிறையிருந்து கழித்தார்.

குண்டு விழுந்த பிறகு கொழும்பை விட்டுச் சனம் கூட்டம் கூட்டமாக ஓடியது. அம்மம்மாவும் கைக்குழந்தையோடு யாழ்ப்பாணத்து றெயினில் நின்றுகொண்டே போனா. துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழ், மலையாளத் தொழிலாளர்களும் போனார்கள். நாலு நாள் கழித்துத் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. ஹேர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் கடலுக்கடியில் இன்றும் கிடக்கிறது.

இதே அம்மம்மா, நான் பிறந்த பிறகு, ஜப்பான் றேடியோவைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு வானொலி நாடகம் கேட்டா. ஜப்பான் சாமான் உழைக்கும் என்று அயலவருக்கும் சொல்லுவா. அந்தப் பகை எப்போது போனது என்று அவவுக்கே தெரிந்திருக்காது. நாடுகளுக்கு அப்படியல்ல. நாடுகள் பகை விடுவதற்கு நாளும் மண்டபமும் கையெழுத்தும் வேண்டும்.

அந்த நாளும் மண்டபமும் சான் பிரான்சிஸ்கோவில் அமைந்தன. 1951 செப்டெம்பரில் ஜப்பானோடு சமாதான உடன்படிக்கை செய்யக் கூடிய மாநாட்டில், 6ஆம் தேதி, இலங்கையின் நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தன எழுந்து பேசினார். ஜப்பானைக் கட்டிப்போட்டு வைக்கவேண்டும் என்று சோவியத் தரப்பு நின்ற நேரம் அது. ஜப்பான் சுதந்திரமாக இருக்கவேண்டும் என்றார் இவர். பகையைப் பகை தணிக்காது, அன்பே தணிக்கும் என்ற புத்தரின் போதனையைச் சொல்லி, இலங்கை நட்ட ஈடு கேட்காது என்று அறிவித்தார். எட்டாம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த ஆண்டே இரண்டு நாடுகளுக்கும் இராஜதந்திர உறவு வந்தது. கமகுராவில் பெரிய புத்தர் சிலை இருக்கிற கோவிலில் அந்தப் பேச்சுக்காக அவருக்கு ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பேச்சை நான் முழுதாக வாசித்தது நடுவயதில்தான். நல்ல பேச்சு. அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அதில் ஓரிடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டேன். நட்ட ஈடு கேட்க இலங்கைக்கு என்னென்ன நியாயம் இருந்தது என்று அவரே சொல்லிக்கொண்டு போகிறார்: விமானத் தாக்குதல், தென்கிழக்காசியப் படைத்தலைமை இங்கே வந்து தங்கியது, மூன்றாவதாக றப்பர். மலாயா ஜப்பானிடம் விழுந்த பிறகு நேச நாடுகளுக்கு றப்பர் கொடுக்க நாங்கள்தான் இருந்தோம். மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பால் வெட்டினார்கள். வெட்டினவர்கள் யார்? களுத்துறை, கேகாலைத் தோட்டங்களில் விடியப்புறம் வாளியோடு மரத்துக்கு மரம் ஓடின மலையகத் தமிழ்ச் சனங்கள் எத்தனை பேர்! 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர்களுடைய உழைப்பும் அந்த மன்னிப்புக்குள் கிடந்தது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

மன்னித்தது பிழை என்று நான் சொல்லவரவில்லை. கடலுக்கு அப்பால் இருக்கிற பகைவனுக்குக் கொடுத்த அதே மனசு, வீட்டுக்குள் இருக்கிறவனுக்கு ஏன் வரவில்லை என்பதுதான் என் நெஞ்சில் கிடக்கிற கேள்வி.

வெள்ளவத்தைக்கு நாங்கள் குடிவந்தபோது இராமகிருஷ்ண மிஷன் வீதிப் பக்கம் இரவில் கடல் இரைவது கேட்கும். 1982இல் ரூபவாஹினி தொடங்கியது. அதுவும் ஜப்பான் தந்த கொடை. பக்கத்து வீட்டில்தான் பெட்டி இருந்தது. பின்னேரங்களில் சிங்களப் பிள்ளைகளும் நாங்களும் ஒரே பாயில் இருந்து பார்ப்போம். அடுத்த வருடம் ஜூலை 23இல் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். 24 இரவு பொரளையில் தொடங்கிய தீ, 25 காலை காலி வீதிக்கு வந்துவிட்டது. எங்கள் ஒழுங்கை முனையில் நின்று பார்த்தால் கடைகள் எரிகிற புகை. அதே நாளும் 27ஆம் தேதியும் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகளை அடித்துக் கொன்றார்கள். 28ஆம் தேதி ஜனாதிபதி தொலைக்காட்சியில் தோன்றினார், சான் பிரான்சிஸ்கோவில் பேசிய அதே ஜயவர்த்தன. எரிந்த வீடுகளுக்கும் செத்த தமிழருக்கும் அனுதாபமாக ஒரு சொல் அந்த உரையில் இருக்கவில்லை. நடந்ததைச் சிங்கள மக்களின் எதிர்வினை என்றார். பிரிவினைக்கு எதிராகச் சட்டம் வரும் என்றார். 1951இல் உலகத்தின் முன்னால் சொல்லத் தெரிந்த அந்தப் புத்த வாக்கை அன்று அரை நிமிடம் சொல்லியிருந்தால், அகதி முகாம்களில் கிடந்த சனத்துக்கு இந்த நாடு இன்னும் தங்களுடையது என்று தோன்றியிருக்கும்.

அடுத்த வருடம், 1984 செப்டெம்பரில், வேர்டனில் பிரான்சின் மித்தராணும் ஜேர்மனியின் கோலும் கைகோத்து நின்றார்கள். முதல் உலகப்போரில் இலட்சக்கணக்கானோர் செத்த இடம். கோலின் தகப்பன் அந்தப் போரில் அந்தப் பக்கம் நின்றவர். மித்தராண் அடுத்த போரில் அதற்குக் கிட்டக் காயப்பட்டுப் பிடிபட்டவர். அங்கே எலும்புகள் குவித்த மண்டபத்தில் எது பிரெஞ்சு, எது ஜேர்மன் என்று பிரிக்க முடியாது, பிரிக்காமலே வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்க்கிற போதெல்லாம் எனக்குக் கோப்பாய் நினைவுக்கு வரும். அங்கே இருந்த மாவீரர் துயிலும் இல்லத்தை இடித்து, அதன் மேல் இராணுவ முகாம் கட்டினார்கள். பிள்ளையைப் புதைத்த தாய்க்கு அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் நின்றது என்பதா முக்கியம்?

2002இல் ஏ9 பாதை திறந்தது. சித்தப்பாவின் மகன் வன்னியிலிருந்து முதல்முறை வெள்ளவத்தைக்கு வந்தான். கடலோரம் ஓடுகிற றெயினைப் பார்க்கவென்றே தண்டவாளத்துப் பக்கம் போய் நிற்பான். 2003 மார்ச்சில் அரசும் புலிகளும் ஆறாம் சுற்றுப் பேச்சுக்கு ஜப்பானில் ஹக்கோனேயில் கூடினார்கள். யசூஷி அகாஷி ஜப்பானின் தூதராகக் கொழும்புக்கும் கிளிநொச்சிக்கும் போய் வந்துகொண்டிருந்தார். அம்மம்மாவுக்கு அப்போது எண்பது கடந்துவிட்டது. செய்தி கேட்டுவிட்டு, "அண்டைக்குக் குண்டு போட்டவன் இண்டைக்கு எங்களைச் சேர்த்து வைக்கப் பாக்கிறான். பாருங்கோவன்" என்றா. சந்தோசமாகத்தான் சொன்னா. அந்த யூனில் டோக்கியோவில் உதவி நாடுகள் 450 கோடி டொலர் தருவதாக வாக்குக் கொடுத்தன. புலிகள் அந்த மாநாட்டுக்குப் போகவில்லை. அது பெரிய பிழை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அதன் பிறகு மேசை ஒவ்வொரு காலாக உடைந்தது. அம்மம்மா மிச்சத்தைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தா.

2009 மே 18. முள்ளிவாய்க்காலில் சண்டை முடிந்தது. அடுத்த நாள் ஜனாதிபதி பாராளுமன்றத்தில் பேசினார்; சில வசனங்கள் தமிழிலும் பேசினார். வீதியில் பாற்சோறு கொடுத்தார்கள், பட்டாசு கொளுத்தினார்கள், வாகனங்களில் கொடி பறந்தது. குண்டு இனி வெடிக்காது, பஸ்ஸில் ஏறினால் வீடு வரலாம் என்ற ஆறுதல் அவர்களுக்கு. அது எனக்கும் விளங்கியது, நானும் அதே பஸ்ஸில் போனவள்தானே. ஆனால் எங்கள் மாடி வீடுகளில் யன்னல்கள் சாத்தியிருந்தன. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடிய விடிய அழைப்பு. யாராவது வெளியே வந்தார்களா, முகாமில் பெயர் இருக்கிறதா. சித்தப்பாவின் மகனை வட்டுவாகல் பாலத்தடியில் கண்டதாக ஒருவர் சொன்னார். அதோடு சரி.

சான் பிரான்சிஸ்கோவில் தோற்றவனும் வந்திருந்து கையெழுத்துப் போட்டான். எங்கள் போர் முடிந்தபோது எதிரே இருந்து கையெழுத்துப் போட யாரும் மிஞ்சவில்லை. அதனால் முடிந்த நாளும் இரண்டாகிவிட்டது. 18 எங்களுக்கு, 19 அவர்களுக்கு. இடையில் 2015இல் வெற்றி நாள் என்ற பெயரை மாற்றினார்கள். 2016 சுதந்திர தினத்தில் காலிமுகத்திடலில் தேசிய கீதம் தமிழிலும் கேட்டது, நான் தொலைக்காட்சிக்கு முன்னால் எழும்பி நின்றேன். 2020இல் அந்தப் பாட்டு நின்றுபோனது. 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் தூபியை இரவில் இடித்தார்கள், மாணவர் எழும்பியதும் திரும்பக் கட்டவிட்டார்கள்.

2022 மே 18 எனக்குப் பெரிய நாள். 2009இல் வெற்றி அணிவகுப்புப் போன அதே காலிமுகத்திடல். அரசுக்கு எதிரான போராட்டக் கூடாரங்களுக்கு நடுவே விளக்கேற்றி, முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தவர்களில் சிங்களப் பிள்ளைகளும் பிக்குமாரும் இருந்தார்கள். அரசு ஏற்பாடு செய்யவில்லை, ஆணைக்குழு எதுவும் சொல்லவில்லை. ஹக்கோனேயில் நடக்காதது அந்தப் புல்வெளியில் நடந்தது என்று நான் நம்புகிறேன்.

எங்கள் மாடியில் கீழ்வீட்டில் ஒரு சிங்கள அக்கா இருக்கிறா. என்னை நங்கி என்றுதான் கூப்பிடுவா. அவவின் தம்பி 2008இல் முகமாலையில் செத்துப்போன ஆமிக்காரன். ஒரு மே மாதம் 18ஆம் தேதி மாலை வெள்ளவத்தைக் கடற்கரையில் விளக்கேற்றியபோது அக்கா என்னோடு வந்தா. கஞ்சியை ஒரு மிடறு குடித்துவிட்டு, வெறும் அரிசியும் தண்ணியும்தானா என்று கேட்டா. கடைசி மாதங்களில் அவர்களுக்கு அதுதான் கிடைத்தது என்றேன்.

மற்ற நாள் காலை நான் அவவோடு பத்தரமுல்லைக்குப் போனேன். பாராளுமன்றத்துக்குக் கிட்ட, படையினரின் பெயர்கள் வெட்டிய நினைவுச் சின்னம். ஒரு தாய் கீழே இருந்து எழுத்து எழுத்தாகத் தடவிக்கொண்டிருந்தா. அக்கா தம்பியின் பெயரைக் காட்டிவிட்டு, உன் தம்பியின் பெயர் எங்கே வெட்டியிருக்கிறது என்று கேட்டா. முள்ளிவாய்க்காலில் நினைவிடம் இருக்கிறது, பெயர் இல்லை என்றேன். செத்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் சொன்னதையும், அரசு அந்தக் கணக்கை ஏற்கவில்லை என்பதையும் சொன்னேன்.

"கணக்கை விடு, பெயர்ப் பட்டியல் ஆரிட்ட இருக்கு?"

முழுதாக யாரிடமும் இல்லை. காணாமல் போனோர் அலுவலகத்தில் சித்தி கொடுத்த முறைப்பாடு ஒரு கோப்பில் கிடக்கிறது. தேவாலயங்களில் கொஞ்சம், ஊர்ச் சங்கங்களில் கொஞ்சம், தாய்மார் பிடித்துக்கொண்டு நிற்கிற படங்களில் மிச்சம். அக்கா கைப்பையைத் திறந்து பேனை எடுத்தா. தம்பியின் முழுப்பெயர், பிறந்த தேதி, கடைசியாகக் கண்ட இடம் எல்லாம் கேட்டு, தன் கொப்பியில் சிங்களத்தில் எழுதினா. பிறகு சித்தி எந்த ஊரில் இருக்கிறா, அங்கே போக எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்கத் தொடங்கினா.